கல்லுக்கூண்டிலிருந்து இறங்கும் வழி

பெட்டி இரண்டாவது திருப்பத்திலேயே மாட்டிக்கொண்டது. கீழ்ப்பக்கம் ஜூட்சன், மேல்பக்கம் தச்சுவேலை அழகுமுத்து பாஸ், நடுவில் காலிச் சவப்பெட்டி. கல்தூணுக்கும் கல்சுவருக்கும் இடையில் குறுக்காக விழுந்து, அது மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் நின்றது.

“தள்ளுங்க பாஸ்!”

“எங்க தள்ளுறது? செவரையா?”

“அப்ப இழுங்க!”

“இழுத்தா ஒங்க கைதான் வரும் தம்பி. பெட்டி வராது.”

உச்சித் தட்டு அறை வாசலில் நின்று ஜொய்சி எட்டிப் பார்த்தாள். புருஷன் ஜூட்சனின் தலை தெரியவில்லை, குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

“வெறும் பெட்டிய மொதல்ல எறக்கிப் பாப்போம்னு நான் சொன்னதுக்கு எம்மேல பாஞ்சீங்களே. மாமாவ உள்ள வச்சிக்கிட்டு மாட்டியிருந்தா என்னா செஞ்சிருப்பீங்க?”

“நீ கொஞ்சம் வாய மூடு ஜொய்சி.”

“மூடுறேன். நீங்க எப்புடி வெளிய வர்றீங்கன்னு பாத்துட்டு மூடுறேன்.”

அவளுக்குப் பின்னால் கட்டிலில் மாமனார் றோலண்ட் வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையுமாக, விரல்களில் ஜெபமாலை சுற்றியபடி படுத்திருந்தார். எண்பத்து நாலு வயது. முந்தாநாள் சாயங்காலம் உயிர் போனது. மகள் றோசலின் வத்தளையிலிருந்து வந்து சேர வேண்டும் என்பதற்காக இன்று மூன்று மணிக்கு அடக்கம் என்று வைத்தார்கள். உடம்பு கெடாமலிருக்க ஊசி போட வேண்டாம், இந்தக் குளிருக்கு மூன்று நாள் தாங்கும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். இப்போது மணி ஒன்று. பாதர் மூன்றுக்குப் பூசை வைத்துவிட்டு நாலுக்கு வேறு தோட்டத்துக்கு ஓட வேண்டியவர். தாமதமானால் நிற்கமாட்டார்.

பொகவந்தலாவைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில் மற்ற பங்களாவெல்லாம் தகரக் கூரையும் பூந்தோட்டமுமாகப் பரந்து கிடக்க, இது ஒன்று மட்டும் கருங்கல்லில் நெட்டுக்கு நின்றது. லயத்துத் தொழிலாளிகள் வைத்த பெயர் கல்லுக்கூண்டு. அயர்லாந்திலிருந்து வந்த ஓஹேகன் துரை கட்டியது. ஐந்நூறு வருஷத்துக்கு முன் அவருடைய முன்னோர் அங்கே இப்படித்தான் வாழ்ந்தார்களாம், வீடும் கோட்டையும் ஒன்றாக. ராஜாக்கள் இல்லை, நூறு மாடும் நாலு மேடும் வைத்திருந்த குடும்பத்தார். பக்கத்துக் குடும்பத்தான் மாட்டை ஓட்டிப்போக எந்த நேரமும் வருவான் என்பதால் கீழ்த்தட்டில் தானியம், உச்சித்தட்டில் மனிதர். கீழே சுவரில் அம்பு விடுகிற அளவுக்குப் பொந்துதான். பெரிய ஜன்னல் உச்சியில் மட்டும். வாசலுக்கு மேலே முகட்டில் ஓர் ஓட்டை, உள்ளே நுழைந்தவன் தலையில் கல்லைப் போட. படியோ சுவருக்குள்ளேயே சங்கு மாதிரி சுருண்டு ஏறும். ஒரு நேரத்தில் ஒரே ஆள். ஏறிவருகிறவன் வலது கையைத் தூண் இடிக்கும், வாள் வீச முடியாது. மேலே நிற்கிறவனுக்குக் கை தாராளம். அந்தக் குடும்பம் ஏதோ சண்டையில் கோட்டையை இழந்து முந்நூறு வருஷம் கழிந்தும் துரைக்கு ஆறவில்லை. நம் ஆட்களைக் கல் சுமக்க வைத்து இங்கே அதைத் திரும்பக் கட்டிக்கொண்டார். போகும்போது சாவியைத் தன் சமையற்காரனிடம் கொடுத்துவிட்டுப் போனார். அந்தச் சமையற்காரரின் பேரன்தான் றோலண்ட்.

மூன்று தலைமுறையாகக் காவல்காரர்கள். றோலண்ட் அப்படிச் சொல்லமாட்டார். “நாங்க வச்சிருக்கோம்” என்பார்.

சுற்றிப்பார்க்க வரும் வெள்ளைக்காரர்களுக்கு மட்டுமல்ல, கீரை விற்க வந்தவளுக்கும் இந்தக் கதை நடக்கும். மாமனாரைப் பார்த்துக்கொள்ள லயத்திலிருந்து இங்கே குடிவந்த ஜொய்சி பதினோரு வருஷம் கேட்டவள். அறுபத்து மூன்று படி, ஒரு நாளைக்கு நாலு நடை. தேத்தண்ணி, கஞ்சி, வெந்நீர், மூத்திரச் சட்டி. ஒருநாள் மூச்சு வாங்க நின்று கேட்டேவிட்டாள்.

“எதிரி ஏறக்கூடாதுன்னு கட்டுன படியில நான் எதுக்கு மாமா தேத்தண்ணி தூக்கிட்டு வரணும்? கீழ ஒரு ரூமுல படுத்தா என்னா?”

“கீழ சாமான் வைக்கிற எடம் ஜொய்சி. குடும்பம் மேலதான் இருக்கணும்.”

“அப்ப நான் சாமானா? அடுப்படி கீழதான இருக்கு.”

அவர் தேத்தண்ணியை ஆற்றிக் குடித்துவிட்டு, “சீனி கொறவு” என்றார்.

பெட்டியை ஒரு வழியாக மேலே இழுத்துவிட்டார்கள். ஜூட்சன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தான். முழங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தது. அழகுமுத்து பெட்டியின் மூலையைத் தடவித் தடவிப் பார்த்தார்.

“ஒரு கீறல் விழல பாருங்க. சப்பு மரம்.”

“பாஸ்,” என்றாள் ஜொய்சி. “இத எங்க வச்சிச் செஞ்சீங்க?”

“இங்கதான். எட்டு வருசம் இருக்கும். பலகைய ஒவ்வொண்ணாத் தூக்கிட்டு வந்து இந்த ரூமுலயே அடிச்சேன். ஐயா பக்கத்துல நாக்காலி போட்டு ஒக்காந்து, ஆணி வேணாம் மரமுளை அடின்னு சொல்லிச் சொல்லிச் செய்ய வச்சாரு.”

“இது படியில எறங்குமான்னு நீங்க யோசிக்கலியா?”

“செய்யின்னாரு, செஞ்சேன். எறக்குன்னு யாரும் சொல்லலியேம்மா.”

“எட்டு வருசமா கட்டிலுக்கு அடியில வச்சி அதுக்குள்ள கம்பளி மடிச்சி வச்சவ நானு,” என்றாள் ஜொய்சி. “எனக்கும் தோணல. முட்டாப்பய குடும்பம்.”

“கழட்டி எறக்க ஏலாதா?” ஜூட்சன் கேட்டான்.

“முளை அடிச்சி வச்சிரப் பசை போட்டது தம்பி. கழட்டுனா வெறகு.”

அந்த நேரத்தில் படியில் யாரோ “ஆளு ஏறுது! ஆளு ஏறுது!” என்று கத்தினார்கள். இரண்டு நாளாக இதே சத்தம்தான். மேலே பார்த்துவிட்டு இறங்குகிறவர்களும் பார்க்க ஏறுகிறவர்களும் நடுவில் முட்டிக்கொண்டு, ஒப்பாரியை நிறுத்திவிட்டுச் சண்டை பிடித்தார்கள். கடைசியில் லயத்துச் சின்னத்தம்பியைக் கீழே நிறுத்தி, ரயில்வேக்காரன் மாதிரி ஆளை விடச் சொன்னாள் ஜொய்சி. காலையிலிருந்து அவன் வாயில் கசிப்புச் சாராய வாடை. அதனாலோ என்னவோ வேலையை வெகு கண்டிப்பாகச் செய்தான்.

ஏறி வந்தது றோசலின். ஜூட்சனுக்கு மூத்தவள். உடம்பு பெருத்தவள். கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

“மனேஜர் கீழ நிக்கிறாரு,” என்றாள் மூச்சு வந்ததும். “கம்பெனி ஆளு ரெண்டு பேரும் வந்திருக்காங்க. ஃபெக்டரியிலருந்து கப்பியும் கயிறும் தர்றாராம். இந்த ஜன்னல் பெருசுதானே, பெட்டியோட அப்பாவ ஜன்னல் வழியா எறக்கிரலாம், அரை மணி வேலைங்கிறாரு.”

“நல்ல மனுசன்,” என்றான் ஜூட்சன். முகம் தெளிந்துவிட்டது.

“நாலு படி மேல ஏறாத மனுசன், இன்னிக்கி முழுக்கைச் சட்டையோட வந்து நிக்கிறாரு,” என்றாள் ஜொய்சி. “எதுக்குன்னு தெரியாதா?”

எல்லாருக்கும் தெரியும். றோலண்ட் இருக்கும்வரை குடும்பம் இருக்கலாம், பிறகு காலி செய்ய வேண்டும் என்று கடிதமே வந்திருந்தது. கல்லுக்கூண்டை உல்லாசப் பயணிகள் தங்கும் இடமாக்கப் போகிறார்கள். ஜொய்சிக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. ஹட்டனில் வாடகை வீடு பார்த்துவிட்டாள். ஒரே தட்டு. வாசலுக்கு மூன்றே படி.

அதனால் ஜன்னலென்றதும் அவள் சரி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

முந்தாநாள் காலை. கஞ்சிக் கரண்டியை வைத்துக்கொண்டு அரை மணியாக நின்றாள். மாமனார் வாயைத் திறக்கவில்லை.

“ஜொய்சி. என்னைய ஜன்னல் வழியா எறக்கிறாதீங்க.”

“எதுக்கு ஜன்னல்? நடந்தே எறங்குவீங்க. இப்ப வாயத் தொறங்க.”

“கோட்டைய விட்டவனத்தான் ஜன்னல் வழியாப் போடுவாங்க. கடசி வரைக்கும் வச்சிருந்தவன் வாச வழியாப் போவான். சொல்லு.”

“என்னத்தச் சொல்ல?”

“வாச வழியான்னு சொல்லு.”

அடுப்பில் சோறு குழைந்துகொண்டிருந்தது. கீழே ஆள் கூப்பிட்டது. “வாச வழியாத்தான் மாமா. போதுமா? குடிங்க,” என்றாள். அவர் அரைக் கோப்பை குடித்தார்.

கிழவனுக்குத் தெரிந்திருக்கிறது. இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பெட்டி படியில் இறங்காது என்று எட்டு வருஷமாகத் தெரிந்துகொண்டே, அதன் மேலேயே படுத்துக்கொண்டு, ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பெட்டியைக் கீழே வைத்தே செய்திருப்பார்கள், கூடவே அவரையும் கீழே படுக்க வைத்திருப்பார்கள். அதற்காகத்தான் சொல்லவில்லை. அவளுக்கு வந்த ஆத்திரத்தில் கட்டிலை ஓர் உதை விடலாம் போலிருந்தது.

“ஜன்னல் வேணாம்,” என்றாள்.

றோசலின் திரும்பினாள். “என்னாது?”

“மாமா வேணாம்னு சொன்னாரு. வாச வழியாத்தான் போவணும்னாரு. நான் சரின்னுட்டேன்.”

“எப்ப சொன்னாரு?”

“கஞ்சி குடிக்கையில.”

“ஏண்டி, கஞ்சி குடிக்கையில ஆயிரம் சொல்லுவாங்க! அப்பாவுக்கு இந்த வெள்ளக்காரன் கத தலைக்கு ஏறி எத்தன வருசம்? நம்ம என்னா ஓஹேகன் பரம்பரையா? அப்பாவோட தாத்தா அவனுக்குக் கோழி உரிச்ச ஆளு.”

“அதத்தான் மதினி நானும் பதினோரு வருசமா அவருகிட்ட சொன்னேன். கேட்டாரா?”

“செத்தவருக்கு ஜன்னலும் ஒண்ணுதான் வாசலும் ஒண்ணுதான்.”

“அவருக்கு ஒண்ணுதான். நான்தானே சொன்னவ.”

ஜூட்சன் கையை விரித்தான். “அப்ப என்னா செய்யச் சொல்ற? கம்பளியில போட்டு ரெண்டு பேரு தூக்கவா?”

“அந்தத் திருப்பத்துல மடியாம வருமா?” றோசலின் கேட்டாள். “தல தூணுல இடிச்சி, காலு செவத்துல இடிச்சி… எங்க அப்பா என்னா உருளக்கெழங்கு மூட்டையா?”

“ஒரு ஆளு முதுகுல தூக்கலாம்,” என்றாள் ஜொய்சி.

ஜூட்சன் தன் இடுப்பைப் பார்த்துக்கொண்டான். அழகுமுத்துவுக்கு எழுபது. இளவட்டங்கள் எல்லாம் குழி வெட்டவும் கோயிலில் நாற்காலி போடவும் போயாயிற்று. சின்னத்தம்பி கீழேயிருந்து, “நான் தூக்குறேன்! ஐயாவ நான் தூக்குறேன்!” என்று கத்திவிட்டு அங்கேயே படியில் சறுக்கி உட்கார்ந்த சத்தம் கேட்டது.

அதுவரை மூலையில் மெழுகுதிரிக்குப் பக்கத்தில் குந்தியிருந்த காளியாயி எழுந்தாள். ஜொய்சியோடு ஒரே மலையில் நிரை பிடித்துக் கொழுந்து பறித்தவள். இன்னும் பறிக்கிறாள். காலையில் வேலைக்குக் கிளம்பியவள் மலைக்குப் போகாமல் அப்படியே வந்திருந்தாள். கட்டில் பக்கம் போய்க் கிழவரின் முழங்காலை மெல்ல மடக்கிப் பார்த்தாள்.

“வெறப்பு விட்டுருச்சு,” என்றாள். “என்னா ஒரு முப்பத்தஞ்சு கிலோ இருப்பாரா?”

“மழ நாளுல நனஞ்ச கொழுந்து அதுக்கு மேல வரும்,” என்றாள் ஜொய்சி.

“வரும்.”

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காளியாயி கொழுந்து பறிக்கையில் நனையாமலிருக்க இடுப்பில் சுற்றியிருந்த தடித்த படங்கை அவிழ்த்தாள். பைக்குள்ளிருந்து கூடைக் கயிற்றை எடுத்தாள்.

“ஏ, என்னா செய்யிறீங்க?” றோசலின் கிட்ட வந்தாள். “பொம்பள பொணந் தூக்குறதா? ஊரு சிரிக்கும். மனேஜர் வேற கீழ நிக்கிறாரு.”

“மனேஜர் நிக்கட்டும் மதினி. வேணும்னா நீங்க தூக்குங்க.”

றோசலின் பின்னுக்கு நகர்ந்தாள்.

முதலில் பெட்டி போயிற்று. அது ஜன்னல் வழியாகவே போயிற்று. கப்பி கிறீச்சிட, காலிப் பெட்டி மூடுபனிக்குள் ஆடி ஆடி இறங்கியதைக் கம்பெனி ஆட்கள் ஃபோனில் படம் பிடித்தார்கள். உள்ளே ஆள் இருக்கிறார் என்று நினைத்து மனேஜர் தொப்பியைக் கழற்றியதாகப் பிறகு சொன்னார்கள்.

பிறகு ஜொய்சி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கட்டில் ஓரத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். காளியாயி படங்கைக் கிழவருக்கு அடியில் தொட்டில்போல் கொடுத்து, மார்பைச் சுற்றி ஒரு சேலையால் ஜொய்சியின் உடம்போடு சேர்த்துக் கட்டினாள். கயிற்றைப் படங்கின் இரு முனையிலும் கோத்து, அதை ஜொய்சியின் உச்சந்தலைக்குக் கொஞ்சம் முன்னால், நெற்றி மேட்டில் கொண்டுவந்து வைத்தாள். வழக்கமாக அங்கே ஒரு துணி மடித்து வைப்பார்கள். அவசரத்தில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

“எந்திரி. மெதுவா. கழுத்துல தாங்கு, முதுகுல தாங்காத.”

“எனக்குச் சொல்லித் தர்றியா?”

எழுந்தாள். கிழவரின் தலை அவள் தோளில் சாய்ந்தது. கன்னத்தில் அவருடைய கன்னம் பட்டது. நேற்று அவள்தான் அதைச் சவரம் செய்துவிட்டாள். பதினோரு வருஷத்தில் இவ்வளவு பக்கத்தில் அவர் முகம் வந்ததில்லை.

ஜூட்சன் வாசலுக்குப் போய் அவளைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

“நான் முன்னால பின்பக்கமாவே எறங்குறேன். நீ சரிஞ்சா எம்மேல சரி.”

“இடுப்புவலிக்காரன் மேல சரிஞ்சா மூணு பெட்டி வேணும். தள்ளிப் போங்க.”

ஆனால் அவன் தள்ளிப் போகவில்லை. இரண்டு கையையும் சுவரில் ஊன்றி, ஒவ்வொரு படியாகப் பின்னுக்கு இறங்கினான். அழகுமுத்து பாஸ் மேலேயிருந்து டோர்ச் பிடித்தார். வெளிச்சம் அவள் முதுகுச் சுமையிலேயே மறைந்து போனது. அவளுக்கு வெளிச்சம் தேவைப்படவும் இல்லை.

“ஆளு எறங்குது!” என்று மேலேயிருந்து காளியாயி கத்தினாள்.

“எறங்கட்டும்!” என்றான் சின்னத்தம்பி கீழேயிருந்து.

இடது கை தூணில், வலது கை சுவரில். முதல் திருப்பத்தில் அவருடைய கால் சுவரில் தட்டியது.

“காலச் சேத்துக்கிங்க மாமா,” என்றாள். பிறகு, “சொன்னா கேட்டாத்தானே,” என்றாள்.

ஜூட்சன் தலையைக் குனிந்துகொண்டான்.

நாற்பத்தோராம் படி மற்றப் படிகளைவிட ஒரு சாண் ஆழம். இருட்டில் ஓடிவருகிற எதிரி தடுக்கி விழட்டும் என்று வேண்டுமென்றே வைத்தது. துரை அயர்லாந்திலிருந்து அந்தக் கோணலையும் அளந்து கொண்டுவந்திருக்கிறார். “இந்தா வருது ஒங்க தொரையோட படி,” என்றாள் முதுகுக்கு. ஜூட்சன் அங்கே நின்று, அவள் பாதத்தைத் தன் இரண்டு கையாலும் பிடித்து, அடுத்த படியில் கொண்டுபோய் வைத்தான். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவன் அவள் காலைத் தொட்டதில்லை. “போதும், விடுங்க,” என்றாள்.

நடுவழியில் நிற்க முடியாது. கயிற்றுச் சுமையை இறக்கினால் மறுபடி ஏற்றத் தூக்கிவிட ஆள் வேண்டும். கழுத்து நரம்பு இழுத்தது. நெற்றியில் கயிறு அறுத்தது. அவள் எண்ணிக்கொண்டே வந்தாள். சில நாள் கோபத்தில் எண்ணியிருக்கிறாள், சில நாள் களைப்பில். இன்று எண்ணிக்கையோடு கோபத்தையோ களைப்பையோ அவள் சேர்த்துக்கொள்ளவில்லை. ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. பொந்து வழியாக ஈரக் காற்று வந்தது.

கீழே சின்னத்தம்பி கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்து வைத்து, மார்பில் கை கட்டி, ஆடாமல் நிற்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தான். வாசல் உயரம் குறைவு. எல்லாரும் குனிந்துதான் போக வேண்டும். ஜொய்சி ஏற்கனவே குனிந்திருந்தாள். இன்னும் கொஞ்சம் குனிந்து, அவர் தலை கல்லில் இடிக்காமல், வெளியே வந்தாள்.

முற்றத்தில் நின்ற கூட்டம் சத்தமில்லாமல் விலகியது. மனேஜர் பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி தொப்பியைக் கழற்றினார். யாரோ ஒப்பாரியைத் தொடங்கப் பார்த்துப் பாதியில் விட்டார்கள்.

“புடிங்க,” என்றாள் ஜொய்சி. “பாத்துக்கிட்டே நிக்கிறீங்க.”

நாலைந்து கைகள் வந்து சேலையை அவிழ்த்து அவரை வாங்கிப் பெட்டியில் கிடத்தின. சுமை போனபிறகும் அவளால் உடனே நிமிர முடியவில்லை. முழங்காலில் கை ஊன்றி நின்றாள். ஜூட்சன் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான்.

“கனமா இருந்துச்சா?” என்று மெல்லக் கேட்டான்.

“மணி என்னா?” என்றாள் அவள்.

“ரெண்டேகால்.”

“அப்ப தூக்குங்க. பாதர் நிக்கமாட்டாரு.”

தேயிலைக்கு நடுவே வளைந்து போகும் சின்னப் பாதையில் ஊர்வலம் இறங்கியது. பெட்டியை ஆள் மாற்றி ஆள் மாற்றி எடுத்தார்கள். குழி வெட்டிவிட்டு வந்த இளவட்டங்கள் மண் கையோடு வந்து தோள் கொடுத்தார்கள். பெண்கள் பின்னால் ஜெபமாலை சொல்லிக்கொண்டு நடந்தார்கள். றோசலின் நடுவில் ஜெபத்தை நிறுத்திவிட்டு ஜொய்சியின் பக்கம் வந்தாள்.

“முக்காட்ட இன்னும் கொஞ்சம் எறக்கிப் போடு,” என்றாள். “நெத்தியில கயித்துத் தடம் செவந்து கெடக்கு. கோயில்ல எல்லாம் பாப்பாங்க.”

அவளே சேலைத் தலைப்பை இழுத்து, ஜொய்சியின் நெற்றி மறையப் புருவம் வரைக்கும் விட்டாள். மெதுவாகத்தான் விட்டாள், கை அந்தத் தடத்தில் படாமல்.

ஃபெக்டரி வளைவில் பாதை திறந்த மலைக்கு வந்தது. காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்தது. முக்காடு பின்னால் போய்க் கழுத்தில் விழுந்தது. எதிரே வந்த கொழுந்து லொறி ஓரம் கட்டி நின்றது. அதன் மேல் உட்கார்ந்திருந்த கொழுந்து பறிக்கும் பெண்கள் பெட்டியைப் பார்த்துவிட்டு, பிறகு அவள் நெற்றியில் கயிற்றுத் தடத்தைப் பார்த்து, மெல்ல எழுந்து நின்றார்கள்.

ஜொய்சி முக்காட்டை எடுத்துப் போடவில்லை. மண்ணைப் பார்த்து நடந்தாள்.